பிரசவ மேஜையில் சரியும் ரத்த அழுத்தம்: நிமிர்த்தி நிறுத்தும் ஊசி மருந்தின் கதை

பவானிபூர் என்றாலே கல்கத்தாத் தமிழர்களுக்கு ஆஸ்பத்திரி வட்டாரம் என்பதும் சேர்ந்தே நினைவுக்கு வரும். வடக்கு எல்லையில் எல்லோரும் "பி.ஜி." என்று அழைக்கும் சேட் சுக்லால் கர்னானி நினைவு ஆஸ்பத்திரி. நடுவில் சம்புநாத் பண்டிட் ஆஸ்பத்திரி. ஹாஸ்ரா சந்திப்பை ஒட்டிச் சித்தரஞ்சன் சேவா சதனம். இவை போக, சந்துக்குச் சந்து நர்சிங் ஹோம்கள். லேக் மார்க்கெட்டிலும் ராஷ்பிகாரி அவென்யூவிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பல, பிள்ளைப்பேற்றுக்கு இந்தப் பக்கம்தான் வருகின்றன.

சேவா சதனம் பிறந்த விதமே ஒரு தியாகக் கதை. தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் தமது வீட்டைப் பெண்களின் நலனுக்கென்று நாட்டுக்குக் கொடுத்தார். 1925-ல் அவர் காலமானார். அடுத்த ஆண்டே அந்த இடத்தில் பெண்களுக்கான ஆஸ்பத்திரி தொடங்கியது. தாயும் சேயும் பிழைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

தாயும் சேயும் பிழைப்பதில் பெரிய பங்கு உள்ள ஒரு சிறு பொருளைப் பற்றி வெளியில் யாரும் பேசுவதில்லை. அது ஆபரேஷன் அறையில், மயக்க மருந்து டாக்டரின் கைக்கு எட்டும் தூரத்தில், ஊசிக்குழலில் தயாராக இருக்கும். ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கும்போது அதைத் தூக்கி நிறுத்தும் ஊசி மருந்துதான் அது. ஆபரேஷன் முடிந்து வெளியே வரும் குடும்பத்துக்கு அதன் பெயர்கூடத் தெரிவதில்லை. ஆனால் அந்த மருந்து கதைக்கும் கல்கத்தாவுக்கும் தொடர்பு உண்டு.

அழுத்தம் ஏன் இறங்குகிறது?

சிசேரியன் ஆபரேஷனுக்கு இப்போது பெரும்பாலும் முழு மயக்கம் கொடுப்பதில்லை. இடுப்புக்குச் சற்று மேலே, முதுகெலும்பின் இடைவெளியில் மெல்லிய ஊசியைச் செலுத்தி, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரில் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துகிறார்கள். சில நிமிடங்களில் காலிலிருந்து மார்பு மட்டம் வரை மரத்துப் போகிறது. தாய் விழித்திருப்பாள், பேசுவாள். பிறந்த குழந்தையின் முதல் அழுகையைத் தன் காதாலேயே கேட்பாள்.

ஆனால் வலியை உணர்த்தும் நரம்புகள் மட்டும் மரத்துப் போவதில்லை. ரத்தக் குழாய்களைச் சற்று இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும் நரம்புகளும் கூடவே ஓய்ந்து விடுகின்றன. பிடி தளர்ந்ததும் குழாய்கள் விரிகின்றன. ரத்தம் கால்களிலும் வயிற்றிலும் தேங்குகிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைகிறது.

வீட்டு மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியை எண்ணிப் பார்க்கலாம். தொட்டியில் தண்ணீர் அதேதான். ஆனால் அதிலிருந்து வரும் குழாய்கள் எல்லாம் திடீரென்று இரண்டு மடங்கு அகலமானால், மேல் குழாயில் தண்ணீர் சொட்டத்தானே செய்யும்? தலைக்கும் இதயத்துக்கும் போகும் ரத்தத்தின் கதியும் அதுதான்.

கர்ப்பிணிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. மல்லாந்து படுத்தால் நிறைமாத வயிற்றின் பாரம், உடலின் கீழ்ப்பகுதியிலிருந்து ரத்தத்தை மேலே கொண்டுவரும் பெரிய நாளத்தை நசுக்குகிறது. அதனால்தான் ஆபரேஷன் மேஜையில் படுத்ததும் வலது இடுப்புக்கு அடியில் ஒரு திண்டு வைத்து, உடலை இடப்பக்கம் சாய்க்கிறார்கள். விவரம் அறியாதவர்களுக்கு இது சாதாரணத் தலையணை. உண்மையில் அதுவும் ஒரு சிகிச்சையே.

தடுப்பு நடவடிக்கை எதுவும் எடுக்காவிட்டால், முதுகில் ஊசி போட்டுச் சிசேரியன் செய்யப்படும் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்குக்கூட அழுத்தம் இறங்கலாம் என்று மருத்துவ ஆய்வுகள் கூறுகின்றன. இது அபூர்வமான விபத்து அல்ல. எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டிய நிகழ்ச்சி. தாய்க்கு முதலில் குமட்டல் வரும். தலை சுற்றும், வியர்க்கும், கண் இருட்டும். மிகவும் இறங்கினால் நினைவு தப்பும். இதயமே நின்றுவிடும் ஆபத்தும் உண்டு.

குழந்தைக்கும் இதில் பங்கு உண்டு. நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் தாயின் ரத்த அழுத்தத்தையே நம்பியிருக்கிறது. தாய்க்கு இறங்கினால் சேய்க்குக் கிடைக்கும் பிராணவாயு குறையும். ஓரிரு நிமிடங்களில் சரி செய்துவிட்டால் தீங்கில்லை. நீடித்தால்தான் வினை.

1898: ஒரே ஆண்டு, இரண்டு சாதனைகள்

வலியில்லா ஆபரேஷன் என்பதற்கும் வங்காளத்துக்கும் பழைய உறவு. 1845-ல் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்காட்லாந்து டாக்டர், மெஸ்மெரிசம் என்ற வசிய முறையில் நோயாளிகளை உறங்க வைத்து ஆபரேஷன் செய்தார். 1847 மார்ச் 22-ந் தேதி கல்கத்தா மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஈதர் மயக்கம் கொடுக்கப்பட்டது. இந்தியாவில் முதன் முதலில் ஈதர் மயக்கத்தில் நடந்த ஆபரேஷன் அதுவே எனக் குறிக்கப்படுகிறது.

முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்யும் முறையை 1898 ஆகஸ்டில் ஜெர்மனியில் கீல் நகரத்தில் ஆகஸ்ட் பியர் என்ற டாக்டர் கையாண்டார். அவர் பயன்படுத்தியது கோகெயின். தமது உதவியாளருடன் சேர்ந்து, தம் மீதே அந்தச் சோதனையையும் நடத்திக்கொண்டார். பிறகு பல நாட்கள் தலைவலியால் அவதிப்பட்டார். முதுகு ஊசிக்குப் பின் சிலருக்கு வரும் தலைவலியை முதலில் எழுதி வைத்தவரும் அவரே.

அதே 1898-ல்தான் பி.ஜி. ஆஸ்பத்திரி வளாகத்துச் சிறிய ஆய்வுக்கூடத்தில் ரொனால்ட் ராஸ், கொசு மூலம் பறவைகளுக்கு மலேரியா பரவும் வகையைக் கண்டறிந்தார். அதற்கான நினைவு வாயில் இன்றும் அங்கே இருக்கிறது. ஒரே ஆண்டில் ஒன்று கீலில், ஒன்று கல்கத்தாவில்.

பியர் காட்டிய வழி உலகமெங்கும் பரவியது. கூடவே ரத்த அழுத்தம் இறங்கும் தொல்லையும் பரவியது. அந்த நாளில் ரத்த அழுத்தத்தை அளப்பதே புதுமை. கையில் பட்டையைச் சுற்றி, ஸ்டெதஸ்கோப் வைத்து ஓசை கேட்டு அளக்கும் முறையை ரஷ்ய டாக்டர் கொரட்காவ் சொன்னது 1905-ல்தான். அளவு தெரிந்த பிறகே ஆபத்தின் ஆழமும் தெரிந்தது.

இமயமலைச் செடியும் சென்ட்ரல் அவென்யூவும்

இறங்கிய அழுத்தத்தை ஏற்றுவதற்கு அட்ரினலின் இருந்தது. ஆனால் அதன் வேகம் அதிகம். வேலை செய்யும் நேரமோ குறைவு. சற்று நிதானமாக, சற்று நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்து தேவைப்பட்டது. அது கிடைத்தது ஒரு செடியிலிருந்து.

எபெட்ரா என்ற அந்தச் செடிக்கு இலை என்று சொல்லும்படி ஒன்றும் இராது. பச்சைக் குச்சிகளைக் கொத்தாக நட்டு வைத்தது போல இருக்கும். சீன வைத்தியத்தில் "மா ஹுவாங்" என்ற பெயரில் இரைப்புக்கும் சளிக்கும் நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டு வந்தது. ஜப்பானிய விஞ்ஞானி நாகாய் 1885-ல் அதிலிருந்து எபெட்ரின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தார். 1924-ல் பீக்கிங் நகரத்தில் சென், ஷ்மிட் என்ற இருவர் அது அட்ரினலினைப் போல ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது என்று விளக்கினார்கள். 1927-ல் அமெரிக்க டாக்டர்கள் முதுகு ஊசியின்போது அழுத்தம் இறங்காமலிருக்க எபெட்ரினைப் பயன்படுத்தியதை அறிவித்தார்கள்.

இதே செடியின் உறவினங்கள் இமயமலையின் வறண்ட சரிவுகளிலும் வளர்கின்றன. அவற்றைக் கொண்டுவந்து சோதித்த இடம், கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளி. அங்கே மருந்தியல் பேராசிரியராக இருந்த ராம்நாத் சோப்ராவும் அவரது குழுவினரும் 1920-களின் பிற்பகுதியில் இந்திய எபெட்ராவை ஆராய்ந்தார்கள். இந்தியச் செடியில் எபெட்ரினுடன், அதன் இரட்டைப் பிள்ளையைப் போன்ற சூடோ எபெட்ரினும் கணிசமாக இருப்பதைக் கவனித்து, அதன் குணங்களையும் சோதித்தார்கள். நாட்டு மருந்துகளை நவீன முறையில் ஆராய்ந்து சோப்ரா எழுதிய பெரிய நூல் 1933-ல் வெளிவந்தது.

வெளிநாட்டு மருந்துக்குக் கையேந்தாமல் உள்நாட்டுச் செடியிலிருந்தே மருந்து எடுக்க வேண்டும் என்பது சோப்ராவின் நோக்கம். 1882-ல் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்துத் திரும்பிய அவர், இந்திய மருந்தியலின் தந்தை என்று போற்றப்படுகிறார். 1973-ல் காலமானார். அவர் பணிபுரிந்த கட்டடம் சென்ட்ரல் அவென்யூவில், மருத்துவக் கல்லூரியை ஒட்டி இருக்கிறது. சென்ட்ரல் அவென்யூவும் இன்று சித்தரஞ்சன் தாஸின் பெயரையே தாங்கி நிற்பது பொருத்தமான தற்செயல்.

இன்னொரு விந்தையும் உண்டு. உயர்ந்த ரத்த அழுத்தத்தைத் தணிக்கும் சர்ப்பகந்தி வேரைப் பற்றி 1931-ல் எழுதி, மருத்துவ உலகின் கவனத்தை ஈர்த்தவர்களும் கல்கத்தா டாக்டர்களே. கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்பன அவர்கள் பெயர்கள். ஏற்றும் செடியும் இறக்கும் வேரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இந்த ஊரில் ஆராயப்பட்டிருக்கின்றன.

ஆடு சொன்ன பாடம்

பிரசவ மேஜையில் எபெட்ரின் நெடுங்காலம் முதலிடம் வகித்தது. அதற்கு ஒரு காரணம், 1974-ல் வெளியான ஓர் ஆய்வு. சினையாக இருந்த செம்மறி ஆடுகளுக்கு நான்கு வகை மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். மற்ற மருந்துகள் கருப்பைக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்தன; எபெட்ரின் குறைக்கவில்லை. அதன் பிறகு கர்ப்பிணிக்கு எபெட்ரினே உகந்தது என்று பாடப் புத்தகங்கள் எழுதின.

ஆனால் ஆடு வேறு, மனிதர் வேறு. ஹாங்காங் முதலிய இடங்களில் சிசேரியன் செய்துகொண்ட தாய்மாரிடமே பின்னர் ஆய்வுகள் நடந்தன. எபெட்ரின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போகிறது. குழந்தையின் உடலில் வேலையைக் கூட்டி, ரத்தத்தில் அமிலத்தை ஏற்றுகிறது என்று தெரிய வந்தது. பினைலெப்ரின் என்ற மருந்தில் இந்தக் குறை மிகவும் குறைவு. அது தளர்ந்த ரத்தக் குழாய்களை நேரடியாக இறுக்குகிறது.

2018-ல் பல நாட்டு நிபுணர்கள் கூடி வெளியிட்ட அறிக்கை, சிசேரியனின்போது அழுத்தம் இறங்கிய பிறகு ஓடுவதைவிட இறங்காமல் தடுப்பதே முறை என்று வலியுறுத்தியது. அதற்கு பினைலெப்ரின் போன்ற மருந்தை முதுகு ஊசி போட்டதுமே கொடுக்கத் தொடங்கலாம் என்று பரிந்துரைத்தது. தாயின் வழக்கமான மேல் அளவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்குக் குறையாமல் வைத்திருப்பது நல்லது என்றும் கூறியது. வழக்கமாக 120 இருப்பவருக்கு 108-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது என்று பொருள்.

பினைலெப்ரினுக்கும் ஒரு குணம் உண்டு. அழுத்தம் ஏறும்போது இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும். ஆகவே துடிப்பு ஏற்கெனவே மெதுவாக உள்ளவருக்கு எபெட்ரின் அல்லது மெபென்டெர்மின் பக்கம் டாக்டர் திரும்பலாம். அண்மைக் காலத்தில் நார்அட்ரினலினையும் மிகச் சிறிய அளவில் பயன்படுத்துகிறார்கள். எல்லாருக்கும் ஒரே மருந்து என்பதில்லை. ஆளைப் பார்த்து, துடிப்பைப் பார்த்து முடிவு செய்வதே அந்த டாக்டரின் வேலை.

நம் நாட்டு மேஜையில் மெபென்டெர்மின்

இந்தியாவில் பல ஆபரேஷன் அறைகளில் நெடுங்காலமாகப் பழகிய பெயர் மெபென்டெர்மின். உடலுக்குள் நரம்பு நுனிகளில் சேமித்து வைத்திருக்கும் நார்அட்ரினலினை வெளியே தள்ளி, அதன் மூலம் அழுத்தத்தை ஏற்றுவது இதன் வழி. திரும்பத் திரும்பக் கொடுத்தால் சேமிப்பு தீர்ந்து, பலன் குறைந்துகொண்டே போகும். அதனால் இது தீராத கிணறு அல்ல என்பதை டாக்டர்கள் அறிந்தே பயன்படுத்துகிறார்கள்.

இந்த மருந்துகளில் அளவுதான் உயிர். பினைலெப்ரின் ஒரு மில்லி ஆம்பூலில் 10 மில்லிகிராம் இருக்கும். ஒரு தடவைக்குத் தேவைப்படுவதோ 50 முதல் 100 மைக்ரோகிராம். அதாவது, கட்டைவிரல் உயரம்கூட இல்லாத அந்தக் கண்ணாடிக் குப்பியில் நூறு முதல் இருநூறு தடவைக்கான மருந்து அடங்கியிருக்கிறது. அதை உப்பு நீரில் பல மடங்கு கலந்து நீர்க்கச் செய்த பிறகே ஊசிக்குழலில் ஏற்ற வேண்டும். மெபென்டெர்மினும் பலரைத் தாங்கும் பெரிய குப்பியில், ஒரு மில்லியில் 30 மில்லிகிராம் என்று வருகிறது. ஒரு தடவைக்குச் சில மில்லிகிராமே போதும்.

கலக்காமல் கொடுத்தால் அழுத்தம் விண்ணுக்கு ஏறி, மூளையில் ரத்தக் கசிவும் இதய பாதிப்பும் நேரலாம். குப்பிகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதும் ஆபத்து. ஆகவே, மருந்து ஏற்றிய ஊசிக்குழலில் பெயரும் அளவும் எழுதிய சீட்டை ஒட்டுவது கட்டாயமான ஒழுங்கு. உலக வழக்கில் அழுத்தம் ஏற்றும் மருந்துக்கு ஊதா நிறச் சீட்டு. நிறத்தை மட்டும் நம்பாமல் பெயரை வாய்விட்டுப் படித்துப் பிறகு செலுத்துவதே சிறந்த டாக்டரின் பழக்கம்.

மருந்து மட்டும் போதாது. நரம்பு வழியாக உப்பு நீர் ஓட வேண்டும். முதுகு ஊசி போட்ட முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்கு ஓரிரு நிமிடங்களுக்கு ஒரு முறை அழுத்தம் அளக்கப்பட வேண்டும். விரலில் மாட்டும் கருவி பிராணவாயுவைக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மயக்க மருந்துக்கென்று தனியாக ஒரு டாக்டர், தாயின் தலைமாட்டைவிட்டு நகராமல் இருக்க வேண்டும்.

எத்தனை பேருக்கு இது தேவை?

சிசேரியன் இன்று அபூர்வம் அல்ல. 2019-21 ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் நூறு பிரசவங்களில் ஏறத்தாழ 21 சிசேரியன். மேற்கு வங்காளத்தில் அது ஏறத்தாழ 33. தமிழ்நாட்டில் 45. மேற்கு வங்காளத்தில் தனியார் ஆஸ்பத்திரிகளை மட்டும் கணக்கிட்டால் நூற்றுக்கு எண்பதைத் தாண்டுகிறது.

இந்த எண்ணிக்கை வேண்டியதா, மிகையா என்பது தனி விவாதம். ஊரிலிருந்தாலும் இங்கிருந்தாலும் தமிழ்க் குடும்பங்களில் ஏராளமானோர் இந்த ஊசியைச் சந்திக்க வேண்டியவர்களே என்பது மட்டும் தெளிவு. சந்திக்கப் போவது இன்னதென்று முன்பே தெரிந்திருந்தால் பாதிப் பயம் போய்விடும்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2011 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள மத்திய அரசின் ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி, அரசு ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கு வரும் தாய்க்கு, சிசேரியன் உட்பட எல்லாம் இலவசம். மருந்து, பரிசோதனை, தேவையானால் ரத்தம், தங்கும் நாட்களில் உணவு ஆகியவையும் அதில் அடங்கும். வேற்று மாநிலத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் தயங்கி வெளியே நிற்க வேண்டியதில்லை.

கையெழுத்துக்கு முன்னால்

ஆஸ்பத்திரியில் நீட்டப்படும் சம்மதப் படிவம் வங்காளியிலோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். படிக்காமல் கையெழுத்திடுவது நம்மவர் வழக்கம். "டாக்டருக்குத் தெரியாததா?" என்று ஒரு சமாதானம் வேறு. டாக்டருக்கு மருத்துவம் தெரியும். ஆனால் வீட்டில் அந்தப் பெண் என்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்பது சொன்னால்தான் தெரியும்.

சிகிச்சையின் தன்மை, நன்மை, ஆபத்து, வேறு வழி ஆகியவற்றைப் போதுமான அளவு எடுத்துச் சொன்ன பிறகே நோயாளியின் சம்மதம் பெற வேண்டும் என்று 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வயது வந்து, சுயபுத்தியோடு உள்ள பெண்ணுக்காக, அவசர ஆபத்து இல்லாத நிலையில், அவளுடைய தாயார் கொடுக்கும் சம்மதம்கூடச் செல்லாது என்றது அத்தீர்ப்பு. ஆகவே கேட்பது மரியாதைக் குறைவு அல்ல, கேட்பவரின் உரிமை.

மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை இவை:

ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம், தைராய்டு, ஆஸ்துமா, மனநோய் இவற்றுக்கு ஏதேனும் மாத்திரை சாப்பிடுவதுண்டா என்பது. சில மனச்சோர்வு மருந்துகளும் எபெட்ரின் வகை மருந்துகளும் சேர்ந்தால் அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறிவிடும். பெயர் தெரியாவிட்டால் மாத்திரை அட்டையையே கொண்டுபோய்க் காட்டலாம். எந்த மாத்திரையை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை டாக்டர் சொல்ல வேண்டும்; தாமாக நிறுத்தக் கூடாது.

கர்ப்ப காலத்தில் அழுத்தம் கூடியிருந்ததா, முன்பு ஆபரேஷன் நடந்ததா, அப்போது மயக்கம், வாந்தி, ஒவ்வாமை ஏதும் நேர்ந்ததா, ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறாரா என்பவையும் முக்கியம். நாட்டு மருந்து, லேகியம் சாப்பிட்டாலும் மறைக்கக் கூடாது. கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தை உண்மையாகச் சொல்ல வேண்டும். பசிக்கிறதே என்று பாவப்பட்டு, யாருக்கும் தெரியாமல் இட்டிலி ஊட்டிவிடும் பாட்டிமார் உண்டு. அழுத்தம் இறங்கி வாந்தி வரும் வேளையில் அந்த இட்டிலியே மூச்சுக் குழாயை அடைக்கும் எமனாகலாம்.

முதுகில் ஊசி போட்டால் ஆயுளுக்கும் முதுகுவலி என்று ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. பிரசவத்துக்குப் பின் முதுகுவலி பலருக்கும் வருகிறது. ஊசியே போடாமல் பிரசவித்தவருக்கும் வருகிறது. இந்த ஊசிதான் நிரந்தர வலிக்குக் காரணம் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. சிலருக்குச் சில நாட்கள் தலைவலி வரும்; எழுந்து உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். அப்படி வந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இப்போதைய மெல்லிய ஊசிகளால் அதுவும் வெகுவாகக் குறைந்துவிட்டது.

கடையில் கேட்கும் இளைஞர்கள்

இந்த மருந்தின் மறுபக்கம் வேதனையானது. எபெட்ரினும் சூடோ எபெட்ரினும் போதைப்பொருள் தயாரிப்புக்குத் திருப்பி விடப்படுவதால், 1988-ம் ஆண்டு ஐக்கிய நாடுகள் ஒப்பந்தத்தில் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இந்தியச் சட்டத்திலும் அவற்றுக்குக் கடுமையான கண்காணிப்பு உண்டு.

மெபென்டெர்மினையோ, உடற்பயிற்சிக் கூடங்களுக்குப் போகும் சில இளைஞர்கள் களைப்புத் தெரியாமலிருக்கவென்று திருட்டுத்தனமாக வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். பல ஊர்களில் போலீசார் குப்பிகளைப் பறிமுதல் செய்த செய்திகள் வந்தவண்ணம் உள்ளன. விளையாட்டு வீரர்களுக்கு இது தடை செய்யப்பட்ட மருந்து. படபடப்பு, தூக்கமின்மை, மனப்பிரமை, இதயக் கோளாறு, பழக்கத்துக்கு அடிமையாதல் என்று இதன் பின்விளைவுகள் நீளும். ஆபரேஷன் மேஜையில் ஒரு டாக்டரின் கண்காணிப்பில், சொட்டுக் கணக்கில் போகும் மருந்தை, அளவு தெரியாமல் தன் கையிலேயே ஏற்றிக்கொள்வது, உயிரோடு விளையாடுவதே.

சாதாரணமாக "லோ பிரஷர்" என்று தலைசுற்றுபவர்களுக்கும் இந்த ஊசி அல்ல வைத்தியம். அது நீர் குறைவாலோ, ரத்தசோகையாலோ, வேறு மாத்திரையாலோ வரலாம். காரணத்தைத் தேட வேண்டும்.

மேஜையில் தேவைப்படும் நாலு வார்த்தை

கடைசியாக ஒன்று. முதுகு ஊசியில் தாய் விழித்திருக்கிறாள் என்பதே பெரிய பாதுகாப்பு. அழுத்தம் இறங்குவதைக் கருவி காட்டும் முன்பே அவளுக்குக் குமட்டும். அவள் வாய்விட்டுச் சொன்னால் டாக்டர் உடனே ஊசியை எடுப்பார். ஊரிலிருந்து கல்யாணமாகி வந்து ஓராண்டே ஆன பெண்ணுக்கு வங்காளி எப்படித் தெரியும்? கணவனை உள்ளே விடமாட்டார்கள். வாய் இருந்தும் ஊமையாய்ப் படுத்திருக்கும் நிலை.

அதற்கு நாலு வார்த்தை போதும். தலை சுற்றினால் "மாத்தா குர்ச்சே". குமட்டினால் "பொமி பாச்சே". மூச்சு முட்டினால் "ஷாஷ் நிதே கொஷ்டோ ஹொச்சே". ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் "ஆமார் பிரெஷாரேர் ஓஷுத் சோலே". இந்தியில் பேசும் டாக்டரானால் "சக்கர் ஆ ரஹா ஹை", "உல்டி ஆ ரஹீ ஹை".

எட்டாம் மாதத்திலேயே இவற்றைச் சொல்லிப் பழகிக்கொள்ளலாம். மாமியாரும் நாத்தனாரும் சேர்ந்து கற்றுக்கொடுக்கலாம். பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்ணிடம் உச்சரிப்பைத் திருத்திக்கொள்ளலாம். அவர்கள் மகிழ்ச்சியோடு சொல்லித் தருவார்கள். பிரசவத்துக்கு முந்தைய பரிசோதனைக்குப் போகும் நாளில், மயக்க மருந்து டாக்டரையும் பார்க்க முடியுமா என்று கேட்பதும், "இவளுக்குத் தமிழ்தான் தெரியும்" என்று நர்சிடம் முன்னதாகவே சொல்லி வைப்பதும் நல்லது.

இமயமலைச் செடியில் தொடங்கி, கல்கத்தா ஆய்வுக்கூடம் வழியாக, ஹாங்காங் ஆஸ்பத்திரிகள் வரை எத்தனையோ பேர் உழைத்ததன் பலன் அந்தச் சிறு ஊசிக்குழலில் இருக்கிறது. அது வேளைக்கு வேலை செய்ய, மேஜையில் படுத்திருப்பவளின் ஒரு சொல்லும் வேண்டும்.